மருந்து போடாத தண்ணீர்

கொபாத் அலியின் படகு வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். பழைய மோட்டார் பூட்டிய படகு, ஊரையே திட்டிக்கொண்டு வருகிற மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் அணைக்கரையில் இருக்கிற தார்ப்பாய்க் குடிசைகளில் இருந்து பெண்கள் குடமும் வாளியுமாக இறங்கி ஓடுவார்கள். வெள்ளக் காலத்தில் எங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரம்மபுத்திராதான். காலைக் கீழே வைத்தால் தண்ணீர், பாயைச் சுருட்டினால் தண்ணீர். ஆனால் குடிக்க ஒரு வாய் வேண்டுமென்றால் கொபாத் பாய் வந்தால்தான் உண்டு.

எங்கள் ஊரை ஆறு அரித்துக்கொண்டு போன பிறகு கரைமேல் வந்து உட்கார்ந்த மிசிங் ஜனங்கள், அசாமின் ஆற்றோரப் பழங்குடிகள் நாங்கள். தற்காலிக முகாம் என்று அரசாங்கத்தில் பெயர் வைத்தார்கள். அந்தத் தற்காலிகத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

இந்த வருஷத்து வெள்ளத்தில் முகாமின் அடிபம்புகள் முழுகிப் போயின. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசை பொகிதராவுடையது. அவளுடைய பேத்தி வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள். மருமகள் ஜுனாகி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் நிவாரண ஆபீஸ்காரர்கள் கொபாத்தின் படகை ஏற்பாடு செய்தார்கள். எதிரே இருக்கும் மணல்திட்டில் அவனுடைய வீடு, வீட்டை ஒட்டி மேட்டில் ஓர் ஆழமான அடிபம்பு. அந்தப் பக்கத்தில் முழுகாமல் நின்றது அது ஒன்றுதான். அங்கே டிரம்களை நிரப்பிக்கொண்டு வருவான். கரையில் இறக்கியதும் சுகாதார வேலை பார்க்கும் நிரு வந்து மருந்து மாத்திரை போடுவாள். கொஞ்ச நேரம் விட்டுத்தான் மொள்ள விடுவாள். அந்தத் தண்ணீர் உள்ளே போய்த்தான் பொகிதராவின் பேத்தி கண் திறந்தாள்.

அதற்கு முன்னால் அந்தத் திட்டில் இருந்து ஓர் ஆள் எங்கள் பக்கம் வந்தால் நாங்கள் மாடுகளை எண்ணிப் பார்த்துக்கொள்கிற ஜாதி. அவர்களும் எங்களைப் பார்த்தால் வலையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்வார்கள். மேய்ச்சலுக்காக ஒரு தடவை கம்பு தூக்கியதும் உண்டு. அதெல்லாம் ஒரு குடம் தண்ணீரில் கரைந்து போனது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொபாத்தின் படகு வர நேரமானால் எங்கள் ஆட்கள் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பார்கள். முன்பு அப்படி யாருக்காகவும் பார்த்ததில்லை.

பொகிதராவின் புருஷன் தர்மேஷ்வர் போன மழைக்காலத்தில் செத்துப்போனான். செத்தவனுக்குத் தொட்காங் வைக்க வேண்டும். ஊரைக் கூட்டி, பன்றி அறுத்து, அபோங் என்கிற சோற்றுக் கள் ஊற்றி, வயிறு நிறைய வழியனுப்பி வைக்கிற விருந்து. அதை வைக்காமல் விட்டால் போனவன் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வாசலைச் சுற்றி வருவான். அறுவடை முடிந்து வைப்பதுதான் வழக்கம். வயலெல்லாம் மணல் மூடிக் கிடக்க, அறுவடைக்கு எங்கே போவது? மகன் திகந்தா தமிழ்நாட்டில் பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவன் வந்த வாரத்தில் வெள்ளமும் வந்தது. உறவுக்காரர்களுக்குப் பாக்கு வெற்றிலை வைத்து அழைத்தாகிவிட்டது. வைத்த பாக்கைத் திருப்பி வாங்க முடியுமா?

அரிசி ஊறவைத்து, சோறு வடித்து, கருக்கிய உமி கலந்து, எபோப் உருண்டையைப் பொடித்துக் கரைத்து ஊற்றிப் பானைகளில் அடைத்து வைத்தாள் பொகிதரா. எபோப் என்பது எங்கள் பெண்கள் இலை தழைகளை இடித்து அரிசிமாவில் உருட்டிக் காயவைப்பது. அதுதான் சோற்றை அபோங் ஆக்குகிறது. நல்ல பானை என்றால் கொஞ்ச நாளில் பக்கத்துக் குடிசைக்காரனை வாசத்தாலேயே கூப்பிடும். பக்கத்துக் குடிசைக்காரன் நான்தான். என்னை எதுவும் கூப்பிடவில்லை.

பொகிதராவுக்கும் சந்தேகம் வந்து பானையைத் திறந்தாள்.

"அடியே ஜுனாகி, இங்க வா. மூக்க வெச்சுப் பாரு. என்ன வாசம் வருது?"

"ஒண்ணும் வரலையே அத்தை."

"ஒண்ணும் வரலங்கறதுதான்டி சங்கதி. நல்லா மோந்து பாரு."

ஜுனாகி குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஆஸ்பத்திரி வாசம் வருது அத்தை."

"உன் மாமனார ஆஸ்பத்திரிக்கா அனுப்பறேன்? மேல்லோகத்துக்குல்ல அனுப்பறேன்! என்னடி கலந்த?"

"மாத்திரை போட்டேன்."

"எந்த மாத்திரை?"

"தண்ணில போடறது. நிரு அக்கா குடுத்தது. பானை கழுவுன தண்ணிலயும் போட்டேன். எபோப் கரைச்ச தண்ணிலயும் போட்டேன்."

"எத்தனை போட்ட?"

ஜுனாகி கையைக் குவித்துக் காட்டினாள். பொகிதரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாளிக்கு ஒன்று போடச் சொன்னதை இவள் ஒரு கைப்பிடி போட்டிருக்கிறாள்.

"நம்ம புள்ளைக்கு வந்தது விருந்துக்கு வர்றவங்களுக்கும் வந்துடக் கூடாதுன்னுதான் அத்தை..." என்று சொல்லும்போதே ஜுனாகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்த மருந்துதானே நம்ம புள்ளையக் காப்பாத்துச்சு. நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன்."

நான் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது விழப்போகிறது அடி என்று நினைத்தேன். விழவில்லை. பொகிதரா பானைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எபோப்பும் ஒரு உசுருதானேடி. கிருமியக் கொல்ற மருந்துக்கு இது நம்ம கிருமி, அது கெட்ட கிருமின்னு ஆளத் தெரியுமா? எல்லாத்தையும் சேத்துப் போட்டுத் தள்ளிருச்சு." ஜுனாகியைப் பக்கத்தில் இழுத்து, "அழாத. புள்ளைய நெனச்சுதானே செஞ்ச. மூக்கத் தொடை" என்றாள்.

திகந்தா உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டவுனுக்குப் போயி பாட்டிலு வாங்கிட்டு வந்துடறேன்மா" என்றான்.

"வாங்குன சரக்க ஊத்தி உங்கப்பன அனுப்பவா? அந்த மனுஷன் கொமட்டிக்கிட்டே போவாரு. நீ அந்த ஊர்ல இருந்து எதையெல்லாம் கத்துக்கிட்டு வந்திருக்க பாரு."

"அங்க தண்ணியையே கேன்ல வாங்கிக் குடிக்கறாங்கம்மா."

"பாவம்" என்றாள் பொகிதரா. நிஜமாகவே பாவப்பட்டுத்தான் சொன்னாள்.

மறுபடி போட வேண்டும். உமி கலந்த கறுப்பு அபோங்குக்கு இனி நாள் போதாது, உமி போடாத வெள்ளையாவது போடலாம். அரிசிக்கு நாங்கள் ஒவ்வொரு குடிசையிலும் நிவாரண அரிசியில் இருந்து அள்ளிக் கொடுத்தோம். என் பெண்டாட்டி என்னைக் கேட்காமலே எங்கள் பங்கில் பாதியைக் கொண்டுபோய்க் கொட்டினாள். எபோப் இருந்தது. தண்ணீர் எங்கே? ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் தர்மேஷ்வரோடு துணைக்கு இன்னும் நாலு பேர் போவார்கள். படகில் வருவதெல்லாம் மருந்துத் தண்ணீர். காய்ச்சலாமே என்று கேட்பீர்கள். விறகு எங்கே? கரையில் கிடந்த கட்டை எல்லாம் நனைந்து ஊறி, ஊதி ஊதியே பெண்களுக்குக் கண் போய்விடும் போல இருந்தது. சோறு வடிக்கவே குடிசைக் கூரையில் இருந்து மூங்கிலை உருவிக்கொண்டிருந்தோம். அபோங்கை வடிக்கும்போது பானை பானையாகப் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவையும் எதை வைத்துக் காய்ச்சுவது?

"கொபாத் பாய் கிட்ட மருந்து போடாத தண்ணியா கேக்கலாம்" என்றாள் ஜுனாகி, மெதுவாக.

"எதுக்குன்னு கேப்பாரே" என்றான் திகந்தா. "அவங்களுக்கு இது ஆகாது. சாராயம் காய்ச்சத் தண்ணி தூக்கச் சொல்றியான்னு கோச்சுக்கிட்டு நாளைக்கிக் குடிக்கற தண்ணியும் வராமப் போயிட்டா? புள்ளைக்கு மருந்து ஒத்துக்கலன்னு சொல்லி வாங்கிடும்மா."

பொகிதரா முடியாது என்று தலையை ஆட்டினாள். "பொய் சொல்லி வாங்குன தண்ணிய ஊத்துனா, உங்கப்பா போற வழியில திரும்பி நின்னு என்னைக் கேப்பாரு. நான் உள்ளதச் சொல்லியே கேக்கறேன்."

மறுநாள் படகு வந்தபோது கயிற்றைப் பிடித்துக் கட்டியவன் நான். அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்தே கேட்டேன். பெண்கள் மொண்டுகொண்டு போகும்வரை பொகிதரா காத்திருந்தாள். நிரு மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"பாய், ஒரு ஒதவி. சொல்லவே கூச்சமாத்தான் இருக்கு."

"சொல்லுங்க அக்கா."

"என் வீட்டுக்காரருக்குத் தொட்காங். போட்ட அபோங் மருந்துத் தண்ணியில செத்துப்போச்சு. திரும்பப் போடணும். மருந்து போடாத தண்ணி வேணும், உங்க பம்புத் தண்ணி. இன்னதுக்குத்தான்னு சொல்லிட்டேன். முடியாதுன்னாலும் எனக்குக் கோவம் இல்ல. நீங்க கொண்டாந்த தண்ணியிலதான் என் பேத்தி உசுரோட இருக்கா. அந்த நன்றி அப்படியேதான் இருக்கும்."

கொபாத் வாயில் இருந்த வெற்றிலையை ஆற்றில் துப்பினான். ஆற்றையே பார்த்தான்.

"நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம் அக்கா. இல்ல, ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம். எனக்குச் சுலபமாப் போயிருக்கும்."

"தெரியும் பாய். அதான் பொய் சொல்லல."

"இங்க எறக்கற தண்ணிக்கு மருந்து போடாம விடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க." நிருவைப் பார்த்தான்.

நிரு யோசித்தாள். "குடிக்கத்தான் கூடாது. பானைக்கு மட்டும்னா நானே கூட நின்னு ஊத்தறேன். பம்பு நல்ல பம்புதான், டிரம்முலதான் பயம். நல்லாத் தேய்ச்ச குடத்துல மூடிக் கொண்டாந்தாப் போதும். ஆனா அதுலேர்ந்து ஒரு சொட்டு எவளாச்சும் புள்ளைக்குக் குடுத்தா, அப்புறம் இருக்கு!"

கொபாத் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி மோட்டாரைக் கிளப்பினான்.

"தண்ணி ஆபீஸுக்கு மேல ஒரு ஆபீஸ் இருக்கும் போலிருக்கே பாய்!" என்று நான் கத்தினேன்.

"உங்க வீட்ல இல்லியா?" என்று அவன் திருப்பிக் கத்தினான். பக்கத்தில் குடத்தோடு நின்ற என் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் எனக்குக் கயிற்றை அவிழ்க்கவே கை வரவில்லை.

அடுத்த நாள் விடியும்போதே பொகிதரா கரையில் போய் நின்றுவிட்டாள். படகு கிட்டே வரவர டிரம்கள்தான் தெரிந்தன. அவள் முகம் தொங்கிப்போனது. அப்புறம் முன்பக்கத்தில் வாழை இலை கட்டிய அலுமினியக் குடங்கள் தெரிந்தன. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க நடுவில் வைக்கோல் செருகி, துணியால் இழுத்துக் கட்டியிருந்தது. ஆண்பிள்ளை கட்டிய கட்டு இல்லை அது.

"நான் தண்ணிதான் கொண்டாந்தேன்" என்றான் கொபாத், இறங்குவதற்கு முன்பே. "உங்க பானையில ஊத்துன பெறகு அது என்ன ஆவுதோ, அது உங்களுக்கும் உங்க சாமிக்கும். எனக்கு அது தண்ணி."

"வீட்ல என்ன சொன்னாங்க பாய்?"

"'செத்தவங்களுக்குச் செய்யற கடமைக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ல நாம யாரு'ன்னா. சொல்லிட்டுக் குடத்தத் தேய்க்கப் போயிட்டா."

பொகிதரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே என்னமோ போல் ஆகிவிட்டது. குடத்தை நான் ஒன்று எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். பாரம் தெரியவில்லை.

விருந்துக்கு முதல் நாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. நான் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் இருந்து இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசம் வந்தது. நான் எழுந்து போவதற்குள் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஜுனாகி பானைக்குள் முகத்தை விட்டு மோந்துவிட்டு அழுதாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. கொபாத் அன்றைக்கும் வடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருந்தான். மூங்கில் கூம்பில் சோற்றைப் போட்டு, மேலே அந்தத் தண்ணீரை ஊற்றி, கீழே பால் நிறத்தில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

தொட்காங் நடந்தது. உறவுக்காரர்கள் படகிலும் வாழைமரத் தெப்பத்திலும், பந்தலுக்கு மூங்கிலோடு வந்து சேர்ந்தார்கள். பந்தலில் தர்மேஷ்வருக்கு இலை போட்டு, சோறும் இறைச்சியும் வைத்து, திகந்தா தன் கையால் முதல் கிண்ணம் அபோங் ஊற்றினான். பிறகு நாங்கள் குடித்தோம். நான் எவ்வளவு குடித்தேன் என்பதை என் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். எல்லாம் முடிந்து பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்த பொகிதரா, "போயிட்டாரு. வயிறு நெறஞ்சு போயிட்டாரு" என்றாள். இத்தனை மாதமாக அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒரு கெட்டி அன்றைக்கு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் படகு வந்தது. எங்களில் பாதிப் பேருக்குத் தலை நிற்கவில்லை. பொகிதரா தெளிவாக இருந்தாள்.

"பாய், எங்க வழக்கத்துல ஒதவி செஞ்சவங்களுக்கு அபோங்கும் பன்னிக் கறியும் குடுத்துக் கும்பிடுவோம். ரெண்டும் உங்களுக்கு ஆகாது. நான் என்னதான் குடுக்கறது?"

"ஒண்ணும் வேணாம் அக்கா."

"வேணாம்னு சொன்னா எனக்குத் தூக்கம் வராது. உங்க வீட்ல என்ன கொறை, சொல்லுங்க."

அவன் தலையைச் சொறிந்தான். இப்படியும் அப்படியும் பார்த்தான். கடைசியில் சொன்னான். ஆறு மேட்டை அரிக்கிறதாம். பம்பைச் சுற்றியிருந்த சிமெண்டுத் தளம் வெடித்துவிட்டதாம். இன்னும் ஒரு தடவை தண்ணீர் ஏறினால் பம்பின் வாய் முழுகிவிடும். பம்பை உயரத்தில் ஏற்ற ஒரு துண்டுக் குழாய் வைத்திருக்கிறான், தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. ஆபீஸில் சொன்னால் வெள்ளம் வடியட்டும் என்கிறார்களாம்.

"ஏன் பாய் எங்ககிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களே கரையில குந்திக்கிட்டு இருக்கீங்க. உங்ககிட்டப் போயி என்னத்தச் சொல்ல?"

பொகிதரா திரும்பி எங்களைப் பார்த்தாள். "ரிக்போ போறோம்" என்றாள்.

ரிக்போ என்றால் ஒருவன் வேலைக்கு ஊரே கூலி இல்லாமல் போய்க் கைகொடுப்பது. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் அபோங் ஊற்றுவார்கள். அதுதான் எங்களுக்கு ருசி.

"அபோங் ஊத்தாத வீட்டுக்கு ரிக்போவா?" என்று எவனோ முனகினான்.

"நேத்திக் குடிச்சது எந்த வீட்டுத் தண்ணி? நேத்தே கூலி வாங்கிட்ட, எந்திரி!" என்றாள் அவள்.

பந்தலைப் பிரித்தோம். அந்த மூங்கிலை எல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு, ஆண்களும் பெண்களுமாகப் போனோம். மூங்கில் கால் ஊன்றி மேடை போடுவதில் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நாங்கள் பிறந்ததே அதன் மேல்தான். மேட்டைச் சுற்றிக் கழி அடித்து மூங்கில் பாய் கட்டி, மண் சரியாமல் தடுத்தோம். திகந்தாவும் திட்டுக்காரர்கள் சிலரும் பம்பைக் கழற்றித் துண்டுக் குழாயைச் சேர்த்தார்கள். மாட்டை எண்ணியவர்களும் வலையைச் சுருட்டியவர்களும் ஒரே மூங்கிலின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் பக்கம் தூக்குய்யா", "நீ மொதல்ல தூக்கு" என்று கத்திக்கொண்டிருந்தோம். வெயில் சாய்வதற்குள் பம்பு ஆள் உயர மேடைமேல் ஏறி நின்றது.

அப்போதுதான் கொபாத்தின் பெண்டாட்டி ஜொய்குன் வெளியே வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முறத்தில் பொரியும் வெல்லமும் கொண்டுவந்து பெண்கள் பக்கம் வைத்தாள். மெலிந்த உடம்பு. அவளைப் பொகிதரா அன்றைக்குத்தான் பார்க்கிறாள். வெல்லத்தை வாங்கும்போது அவள் உள்ளங்கை பட்டிருக்கிறது. பொகிதரா அந்தக் கையை விடாமல் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து, அதன்மேல் கொப்புளம் வந்து, அதுவும் காய்த்துப்போயிருந்தது. சில விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"என்ன தங்கச்சி இது?"

"பம்புக் கைப்பிடி அக்கா."

"இத்தன டிரம்மும் யாரு அடிக்கறா?"

"வேற யாரு? அவரு படக ஓட்டறாரு, நான் அடிக்கறேன். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சாத்தான் படகு நேரத்துக்குக் கெளம்பும். புள்ளைங்க குடத்தோட நிக்கும்னு இவரு சொல்லுவாரு."

இந்த வெள்ளம் முழுக்க நாங்கள் கொபாத்தைக் கும்பிட்டோம், ஆபீஸைக் கும்பிட்டோம், மாத்திரையைக்கூடக் கும்பிட்டோம். டிரம் எப்படி நிறைகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"வா" என்று பொகிதரா ஜொய்குனை இழுத்துக்கொண்டுபோய் மேடைமேல் ஏற்றினாள். "இப்படிக் குந்து. கைய ஏந்து."

"எதுக்கு அக்கா? நான் அடிக்கறேன், நீங்க குடிங்க. வேல செஞ்சவங்க நீங்க."

"குந்துன்னா குந்துடி!"

பொகிதரா சேலையைச் செருகிக்கொண்டு அடித்தாள். முதலில் காற்று வந்தது, அப்புறம் கலங்கல், அப்புறம் நல்ல தண்ணீர். ஜொய்குன் துணி சுற்றிய கையை ஏந்திக் குனிந்து குடித்தாள். போதும் என்று நிமிரப் பார்த்தாள், பொகிதரா நிறுத்தவில்லை. மறுபடி குனிந்து குடித்தாள். முக்காடு நழுவித் தலையெல்லாம் நனைந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "இந்தத் தண்ணி இவ்வளவு குளிர்ச்சின்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியுது அக்கா. நானே அடிச்சு நானே குடிக்கறப்ப மூச்சு வாங்கும், ஒண்ணும் தெரியாது."

பொகிதரா கைப்பிடியை விடவில்லை. அழுதுகொண்டே அடித்தாள். ஜுனாகி பிள்ளையை என் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள்.

"எறங்குங்க அத்தை. கொபாத் அண்ணே, டிரம்ம வைங்க."

கரைக்கு அன்றைக்குப் போன தண்ணீர் முழுக்க எங்கள் பெண்கள் மாற்றி மாற்றி அடித்தது. ஜொய்குன் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பொரியை ஒவ்வொன்றாகத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.